உடைந்த கியரைப் படிப்பது எப்படி: அறிகுறியிலிருந்து மூல காரணத்துக்கு

கியரில் பல் உடைந்ததும் பலருக்கும் முதலில் தோன்றுவது, "இதைவிடக் கெட்டியான ஸ்டீல் போட்டுவிடலாம்" என்பதுதான். நோய் ஓரிடம், மருந்து வேறிடம் என்றே அது பெரும்பாலும் முடியும். ஒரே ஸ்டீல், ஒரே வரைபடம், ஒரே சுமை. ஒரு பேட்ச் ஆண்டுக்கணக்கில் ஓடும். அடுத்த பேட்ச் சில நூறு மணி நேரத்தில் பல்லைக் கக்கிவிடும். ஸ்டீலின் பெயர் மாறியிருக்காது. உலைக்குள் கார்பன் அளவோ, சூடான கியரைச் சட்டென்று குளிர வைக்கும் குவென்ச் எண்ணெயின் சூடோ, கிரைண்டிங் சக்கரத்தின் கூர்மையோ மாறியிருக்கும்.

விரிசல் பல்லின் எந்த இடத்தில் பிறந்தது? தோலிலா, உள்ளேயா? உள்ளே என்றால் எத்தனை மில்லிமீட்டர் ஆழத்தில்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால், தவறு எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும். கீழே உள்ள வழிமுறை முக்கியமாகக் கார்புரைஸ் செய்து, அதாவது உலையில் தோலுக்குள் கார்பனை ஏற்றி, கடினமாக்கிய ஸ்டீல் கியர்களுக்கானது. கார்பன் ஏறிய கடினமான தோல் கேஸ், அதற்கு உள்ளே இருப்பது கோர். 20எம்என்சிஆர்5, 18சிஆர்என்ஐஎம்ஓ7-6, எஸ்ஏஇ 8620 போன்றவை இந்த வகை. இண்டக்‌ஷன், நைட்ரைடிங் கியர்களுக்குக் கடைசியில் தனியாகச் சில வரிகள் உண்டு.

கழற்றும்போதே செய்ய வேண்டியவை

உடைந்த துண்டை இடத்தில் வைத்துப் பொருத்திப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். செய்யாதீர்கள். முறிவு முகத்தின் நுண்ணிய வரிகள் ஒன்றோடொன்று உரசி அழிந்துவிடும். கம்பி பிரஷ், எமரி பேப்பர் எதுவும் வேண்டாம். அசிட்டோனில் மென்மையான பிரஷ்ஷால் கழுவி, காயவைத்து, உடனே மெல்லிய எண்ணெய் பூசி மூடி வையுங்கள்.

பற்களுக்கு எண் போடுங்கள். சுமை தாங்கிய பக்கத்தை அம்புக்குறியால் காட்டுங்கள். கியர்பாக்ஸ் எண்ணெயை வடிக்கும் முன் ஒரு பாட்டில் மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் தண்ணீர் இருந்ததா என்பது பின்னால் கட்டாயம் தேவைப்படும். சோதனைக்குத் துண்டு வெட்டும்போது கூலன்ட் தாராளமாக ஓடும் அப்ரேசிவ் கட்டரே போதும். வாயு டார்ச்சோ உலர்ந்த கை கிரைண்டரோ வேண்டாம். 180 டிகிரியில் டெம்பர் செய்த (குவென்ச்சுக்குப் பின் மிதமாகச் சூடாக்கிய) கியரை 400 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டு அதன் கடினத்தை அளப்பதில் அர்த்தமில்லை.

பல பற்கள் போயிருந்தால் முதலில் போன பல்லைத் தேடுங்கள். அதில் வழவழப்பான சோர்வுப் பகுதி, அதாவது திரும்பத் திரும்ப வந்த சுமையில் விரிசல் மெல்ல வளர்ந்த இடம், பெரிதாக இருக்கும். சிப்பி ஓட்டின் வரிகளைப் போன்ற வளைகோடுகள் அதில் தெரியும். அவை குவியும் மையமே விரிசல் பிறந்த இடம். மற்றப் பற்கள் சுமை தாங்காமல் ஒரேயடியாக ஒடிந்தவை. அவற்றின் முகம் முழுக்கச் சொரசொரப்பாக இருக்கும். அவற்றைச் சோதிப்பது வீண் செலவு.

அறிகுறி 1: பல் அடியோடு கழன்றது, விரிசல் அடிவளைவின் தோலில் தொடங்கியுள்ளது

அதிகம் வரும் புகார் இது. பல்லின் மையக்கோட்டுக்கு 30 டிகிரி சாய்வில் ஒரு தொடுகோடு வரைந்தால் அது அடிவளைவை (பல் கியரின் உடலோடு சேரும் குழிந்த வளைவை) தொடும் இடத்தில்தான் வளைவுத் தகைவு உச்சத்தில் இருக்கும். விரிசலும் பொதுவாக அங்கேதான் பிறக்கும்.

முதலில் பல்லின் அகலத்தில் எங்கே தொடங்கியது என்று பாருங்கள். ஒரு முனையில் என்றால் உலோகத்தை விட்டுவிட்டு அலைன்மென்ட், தண்டின் வளைவு, கிரவுனிங் (பல்லின் அகலத்தில் கொடுக்கும் லேசான புடைப்பு) ஆகியவற்றைப் பாருங்கள். சுமை முழுவதும் ஒரு ஓரத்தில் விழுந்தால் எந்த ஸ்டீலும் தாங்காது. பல்லின் இரு பக்க அடியிலும் விரிசல் இருந்து, அது ஐட்லர் கியராகவும் (இரண்டு கியர்களுக்கு நடுவே ஓடுவது) இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் பல் இருபுறமும் வளைகிறது என்று பொருள். ஒரு பக்கமே வளையும் கியருக்கான அனுமதித் தகைவில் சுமார் 70 சதவீதத்தையே ஐட்லருக்கு எடுக்க வேண்டும். கணக்கில் இதை மறந்திருந்தால் பட்டறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அகலத்தின் நடுப்பகுதியில் தொடங்கியிருந்தால் இனி உற்பத்தியின் பக்கம் போகலாம்.

அடிவளைவின் வடிவத்தைப் பாருங்கள். பக்கமுகத்தை (மற்றக் கியரின் பல்லைத் தொடும் முகத்தை) கிரைண்ட் செய்த சக்கரம் அடிவளைவில் ஒரு படிக்கட்டு விட்டுச் சென்றிருக்கிறதா? நகம் வைத்து இழுத்தாலே சில சமயம் தட்டும். ப்ரோட்யூபரன்ஸ் ஹாப் (முனையில் சிறு புடைப்புள்ள பல்வெட்டும் கருவி) இல்லாமல் வெட்டிய கியரில் இது சகஜம். அந்தப் படியின் மூலையில் தகைவு குவியும். அதோடு கார்புரைசிங்கும் பீனிங்கும் (தோலில் சிறு குண்டுகளை வீசி அடிப்பது) அங்கே உண்டாக்கிய, விரிசலைத் திறக்க விடாத அழுத்தத் தகைவும் கிரைண்டிங்கில் போயிருக்கும். இரண்டு இழப்பு ஒரே இடத்தில். தீர்வு எளிது: ப்ரோட்யூபரன்ஸ் உள்ள ஹாப்பால் வெட்டி, அடிவளைவைக் கிரைண்டிங் சக்கரம் தொடாமல் விடுங்கள்.

படி இல்லையென்றால் பல்லைக் குறுக்கே வெட்டி, மவுன்ட் செய்து, பாலிஷ் போட்டு, அடிவளைவில் கடின அளவை எடுங்கள். பக்கமுகத்தில் எடுத்த அளவை வைத்து அடிவளைவைப் பற்றிப் பேசக்கூடாது. குழிந்த இடத்தில் கார்பன் குறைவாக நுழையும், எண்ணெயும் மெதுவாகவே சூட்டை இழுக்கும். பக்கமுகத்தில் 1.0 மிமீ கேஸ் இருக்கும் கியரில் அடிவளைவில் 0.7 மிமீதான் வரும் என்பது வியப்பில்லை.

கேஸ் ஆழம் என்பது கடினம் 550 விக்கர்ஸுக்கு (வைர முனையை அழுத்தி எடுக்கும் கடின அளவு) இறங்கும் இடம் வரையிலான தூரம். மாட்யூலில் (பல்லின் அளவைக் குறிக்கும் எண், மிமீயில்) 0.15 முதல் 0.2 மடங்கு என்பது நல்ல தொடக்கக் கணக்கு. மாட்யூல் 5 என்றால் 0.75 முதல் 1.0 மிமீ. குறைந்திருந்தால் உலை நேரத்தைக் கூட்டச் சொல்வோம், ஆனால் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே ஆழம் கூடும். 925 டிகிரியில் மொத்த ஆழம் (கார்பன் நுழைந்த முழுத் தூரம்) தோராயமாக 0.635ஐ மணி நேரத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கிய மில்லிமீட்டர். 4 மணிக்கு 1.27 மிமீ, அதை இரட்டிப்பாக்க 16 மணி வேண்டும்.

கடின அளவுகள் தோலிலிருந்து உள்ளே இப்படி வருகின்றன என்று வையுங்கள்: 0.1 மிமீயில் 690, 0.2இல் 700, 0.4இல் 660, 0.6இல் 600, 0.75இல் 550, கோரில் 380. பார்க்கக் குறையே இல்லை. அறிக்கையில் எல்லாப் பெட்டியிலும் டிக் விழுந்துவிடும். ஆனால் முதல் அளவே 0.1 மிமீயில் எடுக்கப்பட்டிருக்கிறது. விரிசல் பிறக்கும் இடமோ முதல் 0.02 மிமீ. அங்கே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

எட்ச் செய்யாத (அமிலம் பூசாத) பாலிஷ் முகத்தை 500 மடங்கில் பாருங்கள். தோலிலிருந்து உள்ளே 10 முதல் 25 மைக்ரான் வரை, உலோகத்தின் நுண் படிக மணிகளின் எல்லைகளில் கறுப்புக் கோடுகள் வேர் விட்டதுபோல் இறங்கியிருந்தால் அது மணியிடை ஆக்சிஜனேற்றம். எண்டோதெர்மிக் வாயுவில் (உலையில் வழக்கமாகப் பயன்படும் கலவை வாயு) கார்புரைஸ் செய்யும்போது ஆக்சிஜன் உள்ளே நுழைந்து சிலிக்கான், மாங்கனீசு, குரோமியம் மூன்றையும் பிடித்துக்கொள்கிறது. கடினமாகும் திறனைத் தர வேண்டிய தனிமங்கள் ஆக்சைடாகப் போய்விடுவதால், அந்த மெல்லிய தோல் கடினமான மார்ட்டென்சைட்டாக மாறாமல், அதைவிட மென்மையான பெய்னைட்டாகவும் பெர்லைட்டாகவும் நின்றுவிடும். 2 சதவீத நைட்டலில் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) எட்ச் செய்தால் கருமையான கோடாகத் தெரியும். 0.1 கிலோ சுமையில், தோலிலிருந்து 0.03 மிமீக்குள் ஒரு அளவு எடுத்துப் பாருங்கள். 700 இருக்க வேண்டிய இடத்தில் 500 சொச்சம் காட்டும். மெதுமெதுப்பான இந்தத் தோலில் அழுத்தத் தகைவு இருக்காது, இழுவைத் தகைவே கூட இருக்கலாம். விரிசலுக்கு இதைவிட நல்ல தொட்டில் வேண்டாம்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. குறைந்த அழுத்த வெற்றிட உலையில் கார்புரைஸ் செய்தால் ஆக்சிஜனே இல்லை, ஆக்சிஜனேற்றமும் இல்லை. மாலிப்டினமும் நிக்கலும் அந்த வாயுவில் ஆக்சைடு ஆவதில்லை. ஆகவே 18சிஆர்என்ஐஎம்ஓ7-6 போன்ற ஸ்டீலில் ஆக்சிஜனேற்றம் இருந்தாலும் தோல் அவ்வளவு சுலபமாக மெதுமெதுப்பாகாது. ஸ்டீலை மாற்றுவதற்கு நியாயமான காரணம் இதுதான், "அது கெட்டி" என்பதல்ல. மூன்றாவது, ஷாட் பீனிங். இது ஆக்சிஜனேற்றத்தை நீக்காது. அழுத்தத் தகைவைத் திரும்பக் கொடுத்து அதன் கேட்டைப் பெருமளவு சமன் செய்யும்.

பீனிங் ஏற்கெனவே செய்த கியர்தானே என்று கேட்டால், அதையும் சோதிக்க வேண்டும். குண்டுகளின் கடினம் கியரின் தோலுக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். 60 ஹெச்ஆர்சி (ராக்வெல் கடின அளவு) தோலில் 48 ஹெச்ஆர்சி குண்டைப் போட்டால் குண்டுதான் நசுங்கும். ஆல்மென் பட்டையில் (குண்டடியின் வலிமையைத் தன் வளைவால் காட்டும் சோதனைத் தகடு) சாச்சுரேஷன் வளைவு எடுத்தார்களா என்று பாருங்கள்: நேரத்தை இரட்டிப்பாக்கும்போது வளைவு உயரம் 10 சதவீதமோ குறைவாகவோ கூடும் இடமே சரியான இடம். பட்டையை எங்கே பொருத்தினார்கள் என்பது அதைவிட முக்கியம். பல் முனையின் மட்டத்தில் வைத்த பட்டை சரியான அளவைக் காட்டும். குண்டு அடிவளைவுக்குள் நேராக விழாமல் பக்கமுகத்தில் தெறித்துப் போயிருக்கும். பத்து மடங்கு லென்ஸில் அடிவளைவைப் பார்த்து, குழிகள் முழுதாக மூடியிருக்கின்றனவா என்று உறுதி செய்யுங்கள். பீனிங்குக்குப் பிறகு அடிவளைவைக் கிரைண்ட் செய்தாலோ, கியரை 250 டிகிரிக்கு மேல் சூடாக்கி ஷ்ரிங்க் ஃபிட் செய்தாலோ போட்ட பணம் போச்சு. அழுத்தத் தகைவின் உச்சம் தோலுக்குக் கீழே 0.05 முதல் 0.1 மிமீயில்தான் இருக்கிறது.

தோல் சரி, பீனிங் சரி, ஆனால் கோர் 22 ஹெச்ஆர்சி என்றால்? பெரிய குறுக்குவெட்டுள்ள கியரில் எஸ்ஏஇ 8620 போட்டால் இப்படித்தான் வரும். ஸ்டீலின் கடினமாகும் திறன் அந்தத் தடிமனுக்குப் போதவில்லை. கியர் ஸ்டீல்களுக்கான ஐஎஸ்ஓ 6336-5இன் எம்க்யூ (நடுத்தர) தரத்துக்குக் கோர் 25 ஹெச்ஆர்சியாவது வேண்டும். அதற்காக 45க்கு மேலே போவதும் கூடாது. கோர் அவ்வளவு கடினமானால் தோலில் அழுத்தத் தகைவு குறையும், குவென்ச்சில் கோணலும் கூடும். 30 முதல் 40 வரை வசதியான இடம். ஸ்டீல் வாங்கும்போது ஜோமினி வளைவின் (ஸ்டீலின் கடினமாகும் திறனைக் காட்டுவது) குறுகிய பட்டையைக் கேட்டு வாங்கினால் பேட்சுக்குப் பேட்ச் கோர் ஆடாது.

அறிகுறி 2: முறிவு முகத்தில் சின்னஞ்சிறு வட்டம், நடுவில் ஒரு புள்ளி

தோலுக்குக் கீழே, மீன் கண்ணைப் போல வெளிறிய ஒரு வட்டம். நடுவில் இருப்பது அலுமினா அல்லது கால்சியம் அலுமினேட் துகள். உலை, குவென்ச், கிரைண்டிங் எதன் மீதும் பழி இல்லை. இது ஸ்டீல் ஆலையிலேயே உள்ளே வந்த அழுக்கு. கார்புரைஸ் கியர்களுக்கு மொத்த ஆக்சிஜன் 25 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 25 பங்குக்கு) கீழே வேண்டும், முக்கியமான கியருக்கு 15க்குக் கீழே கேளுங்கள். கந்தகத்தையும் கவனியுங்கள். எளிதாக வெட்ட வேண்டும் என்பதற்காக 0.04 சதவீதம் வரை கந்தகம் வைத்த ஸ்டீலில் மாங்கனீசு சல்பைடு நூல்கள் உருட்டிய திசையில் நீண்டு கிடக்கும். கம்பியிலிருந்து நேராக வெட்டிய கியரில் இந்த நூல்கள் தண்டின் திசையில் ஓடும். ஃபோர்ஜ் செய்தால் இழையோட்டம் பல்லைச் சுற்றி ஓரளவு திரும்பும். சோர்வில் இந்த வித்தியாசம் உணரும் அளவுக்கு உண்டு.

ஒரே ஒரு கியரில் மீன் கண் வந்தால், அதே ஹீட் எண்ணில் (ஆலையின் ஒரே உருக்கலில்) வந்த மற்றக் கியர்களையும் தேடிப் பிடியுங்கள்.

அறிகுறி 3: பிட்ச் கோட்டுக்குச் சற்றுக் கீழே குழிகள்

பிட்டிங். பிட்ச் கோடு என்பது இரு பற்களும் வழுக்காமல் உருளும் கோடு, பல்லின் உயரத்தில் ஏறக்குறைய நடுவே. புதுக் கியரில் முதல் சில நாட்களில் மிகச் சிறிய குழிகள் வந்து நின்றுவிட்டால் அது மேடுகள் தேய்ந்து பழகுவது, பயப்பட வேண்டாம். ஒரு வாரம் கழித்துப் படம் எடுத்து ஒப்பிடுங்கள். குழிகள் சேர்ந்து பெரிதானால்தான் வேலை இருக்கிறது. பிட்ச் கோட்டுக்குக் கீழே வருவதற்குக் காரணம், அங்கே உருளலும் வழுக்கலும் எதிரெதிர்த் திசையில் இருப்பதால் விரிசலின் வாய் திறந்து எண்ணெய் உள்ளே புகுந்துகொள்வதுதான்.

கார்புரைஸ் கியருக்கு ஐஎஸ்ஓ 6336-5 தரும் தொடுதகைவு வரம்பு எம்க்யூ தரத்தில் 1500, எம்இ (உயர்ந்த) தரத்தில் 1650 நியூட்டன்/சதுர மிமீ. தொடுதகைவு சுமையின் வர்க்கமூலத்தோடு ஏறுவதால், தாங்குதிறன் 10 சதவீதம் குறைந்தாலே கடத்தக்கூடிய முறுக்குவிசை 19 சதவீதம் போய்விடும். ஆகவே தோலின் கடினத்தில் இரண்டு மூன்று ஹெச்ஆர்சி இறங்குவதைச் சாதாரணமாக நினைக்க முடியாது.

முதலில் கடினத்தைப் பாருங்கள், 58 முதல் 62 ஹெச்ஆர்சி இருக்க வேண்டும். 0.5 மிமீ கேஸில் 150 கிலோ ராக்வெல் சுமை போட்டால் வைரம் மெல்லிய கேஸைத் தாண்டிக் கோரையும் சேர்த்து அளந்துவிடும். அங்கே விக்கர்ஸ் போடுங்கள். ஃபைல் பிடிக்கிறது (அரம் தோலைச் சுரண்டுகிறது), ஆனால் மைக்ரோஸ்கோப்பில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் தெரிகின்றன என்றால் எஞ்சிய ஆஸ்டினைட் (குவென்ச்சில் மார்ட்டென்சைட்டாக மாறாமல் நின்ற மென்மையான பகுதி) கூடிவிட்டது. தோலில் கார்பன் 0.9 சதவீதத்தைத் தாண்டியிருக்கும், அல்லது 930 டிகிரியிலிருந்து 840க்கு இறக்காமல் நேராகக் குவென்ச் செய்திருப்பார்கள். 25, 30 சதவீதம் வரை பொறுக்கலாம். பிட்டிங்கைப் பொறுத்தவரை கொஞ்சம் ஆஸ்டினைட் இருப்பது நல்லது என்றுகூடச் சொல்லலாம், தொடுதலில் அது நெகிழ்ந்து கொடுக்கும். அதற்கு மேல் போனால் தோல் மெதுமெதுப்பாகும். மைனஸ் 75 டிகிரியில் உறைய வைத்தால் குறையும்தான், ஆனால் அது கார்பன் அளவைத் திருத்துவதற்கு ஈடாகாது.

கடினமும் ஆஸ்டினைட்டும் சரியாக இருந்து, ஒரு பக்கமுகத்தில் மட்டும் பிட்டிங் என்றால் கிரைண்டிங் ஒதுக்கீட்டைக் கணக்கிடுங்கள். கிரைண்டிங்குக்கு முன் கேஸ் 1.0 மிமீ, ஒரு பக்கத்துக்கு 0.15 மிமீ எடுக்க வேண்டும் என்று வையுங்கள். குவென்ச் கோணலால் பல் 0.1 மிமீ ஒருபக்கம் சாய்ந்திருந்தால் ஒரு முகத்தில் 0.25, மறு முகத்தில் 0.05 என்று எடுக்கப்படும். ஒன்றில் 0.75 மிமீ கேஸ்தான் மிச்சம். வரைபடத்தில் எழுதிய ஆழம் கிரைண்டிங்குக்கு முன்பா பின்பா என்று தெளிவாக இல்லாவிட்டால் இந்தச் சண்டை முடியவே முடியாது.

அறிகுறி 4: பக்கமுகம் சாம்பல் பூத்ததுபோல் மங்கியிருக்கிறது

மைக்ரோபிட்டிங். குழிகள் 10 மைக்ரான் அளவுதான், கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாது. எண்ணெய்ப் படலம் மேற்பரப்பின் மேடுகளை மூடப் போதவில்லை. இங்கே ஸ்டீலை மாற்றுவது பயன் தராது. கிரைண்டிங் முகத்தின் ஆர்ஏ (சொரசொரப்பின் சராசரி, மைக்ரானில்) 0.8இல் இருந்தால் 0.4க்குக் கொண்டுவாருங்கள், சூப்பர்ஃபினிஷிங்கில் 0.1க்குக் கீழே போனால் பெரும்பாலும் நின்றுவிடும். எண்ணெயில் தண்ணீர், தவறான பாகுநிலை, தவறான அடிட்டிவ் மூன்றையும் பாருங்கள். பல் முனையை லேசாகச் சீவிவிடாத (டிப் ரிலீஃப் இல்லாத) கியரில் சாம்பல் அடிவளைவுக்கு அருகே பட்டையாகத் தொடங்கும்.

அறிகுறி 5: தோல் பெரிய சில்லுகளாகப் பெயர்ந்தது, அடியில் கோர் தெரிகிறது

பிட்டிங் அல்ல, கேஸ் நொறுங்கல். பள்ளம் ஆழமாக, நீளமாக, விளிம்பு செங்குத்தாக இருக்கும். இரு பற்கள் தொடும் கோட்டின் அரை அகலத்தை பி என்றால், அதிகபட்ச வெட்டுத் தகைவு 0.78 பி ஆழத்தில் வரும். பி 0.5 மிமீ என்றால் சுமார் 0.4 மிமீ. அதையும் தாண்டி உள்ளே தகைவு மெதுவாகத்தான் குறையும். கடினமோ கேஸ் முடியும் இடத்தில் சடாரென்று விழும். இரண்டு வளைவும் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ அங்கே விரிசல். கடின வளைவையும் தகைவு வளைவையும் ஒரே தாளில் வரைந்தால் ஐந்து நிமிடத்தில் விடை தெரியும். கேஸைக் கூட்டுங்கள், அல்லது கோர் கடினத்தை உயர்த்துங்கள்.

இதன் உறவுக்காரன் ஒருவன் உண்டு. அடிவளைவில் இல்லாமல், பல்லின் பாதி உயரத்திலிருந்து சுமார் 45 டிகிரியில் சாய்ந்து பல் உடையும். விரிசல் கேஸ் முடிந்து கோர் தொடங்கும் ஆழத்தில் பிறந்து இரு திசையிலும் வளர்ந்திருக்கும். தோலில் எந்தப் பிட்டிங்கும் இருக்காது. இதைப் பக்கமுக முறிவு என்பார்கள். ஐஎஸ்ஓ/டிஎஸ் 6336-4 இதற்கான கணக்கைத் தருகிறது. அடிவளைவும் பிட்டிங்கும் நன்றாகக் கவனிக்கப்பட்ட கியரில்தான் இது வரும் என்பது வேடிக்கை. பலவீனமான இடங்களைப் பலப்படுத்தியதும் சுமை அடுத்த இடத்தைத் தேடிப் போகிறது.

அறிகுறி 6: பக்கமுகத்தில் மெல்லிய இணைகோடுகள் அல்லது வலைபோன்ற விரிசல்

கிரைண்டிங் சக்கரம் ஓடிய திசைக்குக் குறுக்கே விரிசல்கள் இருந்தால் கிரைண்டிங் சூடு என்று எடுத்துக்கொள்ளலாம். விரிசல் இன்னும் வராத நிலையிலும் சூடு பட்ட இடத்தில் இழுவைத் தகைவு காத்துக்கொண்டிருக்கும். அதை நைட்டல் எட்ச்சில் பார்க்கலாம்; ஐஎஸ்ஓ 14104இன் முறை இதுவே.

கியரை எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் கழுவுங்கள். கைரேகை பட்ட இடம்கூடக் கறையாகக் காட்டும். 3 சதவீத நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் முக்குங்கள். சீராகச் சாம்பல் நிறம் வந்ததும் எடுத்து நீரில் அலசுங்கள். பிறகு 5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில விநாடி முக்கினால் பின்னணி வெளுக்கும், சூடு பட்ட திட்டுகள் மட்டும் நிற்கும். அலசி, காரக் கரைசலில் அமிலத்தை முறித்து, உலர்த்தி, எண்ணெய் பூசுங்கள். கலக்கும்போது அமிலத்தைத்தான் ஆல்கஹாலில் மெதுவாக ஊற்ற வேண்டும். எத்தனாலில் 5 சதவீதத்துக்கு மேல் நைட்ரிக் கலந்து மூடிய பாட்டிலில் சேமித்து வைக்காதீர்கள், வெடிக்கும்.

சீரான வெளிர் சாம்பல் என்றால் நல்லது. பழுப்பு, கறுப்புத் திட்டு என்றால் தோல் மறுபடி டெம்பர் ஆகி மெதுமெதுப்பாகிவிட்டது. கறுப்பு வளையத்துக்கு நடுவே வெள்ளைப் புள்ளி என்றால் அங்கே சூடு 750 டிகிரியையும் தாண்டி, கூலன்டில் மறுபடி குவென்ச் ஆகியிருக்கிறது. அந்தக் கியரைத் திருத்த முயலாதீர்கள், ஸ்க்ராப்பில் போடுங்கள்.

திட்டு எங்கே இருக்கிறது என்பதிலும் சேதி உண்டு. 30 பல்லில் 4 முதல் 11 வரை மட்டும் கறுத்து மற்றவை சுத்தமாக இருந்தால் கியர் மாண்ட்ரலில் (அதைப் பிடிக்கும் தண்டில்) மையம் விலகி உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கம் சக்கரம் ஆழமாகக் கடித்தது. எல்லாப் பல்லிலும் ஒரே உயரத்தில் பட்டை என்றால் கூலன்ட் நாசில் அந்த இடத்தைத் தொடவில்லை. முதல் கியர்கள் சுத்தம், கடைசிக் கியர்கள் கறுப்பு என்றால் டிரெஸ்ஸிங் (சக்கரத்தைக் கூர்தீட்டுவது) இடைவெளி நீண்டுவிட்டது. எங்கும் பரவலாக, லேசாகச் சக்கரம் பட்டாலே விரிசல் என்றால் கிரைண்டரை விட்டுவிட்டு உலைக்குத் திரும்புங்கள்: தோலில் கார்பைடு வலை இருக்கிறதா, எஞ்சிய ஆஸ்டினைட் கூடியதா, டெம்பரிங்கைத் தவிர்த்துவிட்டார்களா என்று பாருங்கள்.

அறிகுறி 7: ஓடவே இல்லை, அலமாரியிலேயே விரிசல்

விரிசலைத் திறந்து சுவரைப் பாருங்கள், அது பிறந்த தேதியைச் சொல்லும். சுவரில் கார்பன் ஏறி, கேஸ் விரிசலைப் பின்தொடர்ந்து உள்ளே போயிருந்தால் அது கார்புரைசிங்குக்கு முன்பே இருந்தது, ஃபோர்ஜிங் மடிப்பு. கார்பன் இல்லை, ஆனால் டெம்பரிங் நிறம் ஏறியிருக்கிறது என்றால் குவென்ச் விரிசல். பளிச்சென்று இருந்தால் டெம்பரிங்குக்குப் பின் வந்தது: ஒன்று கிரைண்டிங், அல்லது ஹைட்ரஜன். ஹைட்ரஜன் என்றால் குவென்சுக்கு ஒரு நாள், இரண்டு நாள் கழித்து, யாரும் தொடாமல் டிங் என்று ஓசையுடன் பிளக்கும். முகம் மணிமணியாக இருக்கும். குவென்ச் முடிந்ததும் தாமதமின்றி 150 முதல் 200 டிகிரியில் இரண்டு மணி நேரமாவது டெம்பர் செய்தால் இதன் வாய்ப்பு வெகுவாகக் குறையும். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று சனிக்கிழமைச் சார்ஜை (உலையில் ஒரே தடவை ஏற்றிய கியர்களை) விட்டு வைக்கும் பழக்கம் ஆபத்து.

பல் முனையின் மூலைகள் மட்டும் உதிர்ந்தால், முனையில் மூன்று பக்கத்திலிருந்தும் கார்பன் நுழைந்து அங்கே கோரே மிஞ்சவில்லை. சேம்ஃபர் போடுங்கள் (மூலையைச் சாய்வாகச் சீவுங்கள்), கேஸைக் குறையுங்கள்.

இண்டக்‌ஷன், நைட்ரைடிங், சின்டர் கியர்கள்

இண்டக்‌ஷனில் (மின்காந்தத்தால் தோலை மட்டும் சூடாக்கிக் கடினமாக்குவதில்) பெரும்பாலான சோர்வு முறிவுக்குக் காரணம் ஒன்றுதான்: கடினப் பட்டை பக்கமுகத்தோடு நின்றுவிட்டது, அடிவளைவுக்குள் இறங்கவில்லை. பட்டை முடியும் இடத்தில் இழுவைத் தகைவு. அது அடிவளைவிலேயே விழுந்தால் கடினமாக்காத கியரே மேல். பல்லைக் குறுக்கே வெட்டி எட்ச் செய்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். 42சிஆர்எம்ஓ4 கம்பி முன்பே குவென்ச் செய்து டெம்பர் ஆனதா என்றும் கேளுங்கள். இண்டக்‌ஷனின் சில விநாடிச் சூட்டில் ஃபெர்ரைட் திட்டுகள் முழுதாகக் கரைவதில்லை.

நைட்ரைடிங் (தோலில் நைட்ரஜன் ஏற்றிய) கியரில் கேஸ் 0.3 முதல் 0.6 மிமீதான். கோணல் வராது என்பதற்காக அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கார்புரைஸ் கியரின் சுமையை ஏற்றினால் தோல் பெயரும். வெள்ளைப் படலம் (தோலின் மேல் உருவாகும் நைட்ரைடு படலம்) 25 மைக்ரானைத் தாண்டியிருந்தால் அதுவே முதலில் உதிர்ந்து எண்ணெயில் மிதக்கும். சின்டர் (உலோகத் தூளை அழுத்திச் சுட்ட) கியரில் அடர்த்தி 7.0 கிராம்/கன செமீ அளவில் இருந்தால் துளைகளே விரிசலின் வித்து. பற்களை உருட்டித் தோலை அடர்த்தியாக்கினால் நிலைமை மாறும்.

திருத்திய பிறகு

ஒரே நேரத்தில் ஸ்டீல், கேஸ் ஆழம், பீனிங் மூன்றையும் மாற்றாதீர்கள். எது வேலை செய்தது என்று தெரியாமலே போகும். திருத்திய பேட்சிலிருந்து ஒரு கியரை வெட்டி, அடிவளைவின் நடுவிலும் பக்கமுகத்திலும் தனித்தனியாகக் கடின அளவும், எட்ச் செய்யாத தோலின் படமும் எடுங்கள். அதே உலைச் சார்ஜில் வைத்த சோதனைக் கம்பியின் அளவையும் பக்கத்தில் எழுதுங்கள். கம்பிக்கும் நிஜப் பல்லுக்கும் உள்ள வித்தியாசம் ஒருமுறை தெரிந்துவிட்டால், அடுத்த சார்ஜ்களுக்குக் கம்பியை மட்டும் வெட்டினால் போதும். வளைவுச் சோதனையில் ஒற்றைப் பல்லைப் பல்சேட்டரில் (சுமையை ஏற்றி இறக்கும் சோதனை இயந்திரத்தில்) 30 லட்சம் சுழற்சிகளுக்கு மேல் தாங்கச் செய்யுங்கள். கார்புரைஸ் கியரின் வளைவுச் சோர்வு வரம்பு அங்கேதான் தட்டையாகத் தொடங்குகிறது. பிட்டிங்குக்கு அது 5 கோடி. ஆகவே 30 லட்சம் தாங்கிய கியரில் குழி வராது என்று யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.